அழுதால் எரியும் விளக்கு

அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்த அதே வாரத்தில், அந்தக் குழந்தையை எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தானே வளர்ப்பதாக அம்மா முடிவு செய்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்குக் காது கேட்காது. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் தங்கிப் படித்தாள். அங்கே கூடப் படித்தவரையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டாள். அத்தான் திகாம் பத்து என்ற ஊர்க்காரர். அவருக்கும் காது கேட்காது. தச்சு வேலையில் கெட்டிக்காரர். செர்டாங்கில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பின்பக்கத் தகரக் கொட்டகையில் அத்தான் அலமாரியும் நாற்காலியும் செய்தார். முன்னறையில் அக்கா தையல் மெஷின் போட்டாள்.

அம்மா எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயா. பால் வெட்டப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே பிள்ளைகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிப் பால் கலக்கிக்கொண்டிருப்பாள். பின்னால் ஒரு அழுகை எழும். திரும்பிப் பார்க்காமலே, "அது மூணாவது தொட்டி. பசி இல்ல, ஈரம்" என்பாள். சரியாகத்தான் இருக்கும். காதை வைத்தே பிள்ளை வளர்த்தவள் அவள். காது இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"பிள்ளை அழுதா யாருடி கேக்குறது? ரெண்டு பேருக்கும் கேக்காது. மூச்சு முட்டி அழுதுச்சுன்னா?"

நான் சைகையில் அக்காவுக்குச் சொன்னேன். அவள் கைகள் பதில் சொல்லின: "பக்கத்திலேயே போட்டுக்கொள்வேன். மேலே கை வைத்தபடி தூங்குவேன்."

"ராத்திரி சரி. பகல்ல? நீ மெஷின்ல உக்காந்திருப்ப, அவரு கொட்டாயில இருப்பாரு. நான் என்ன தூக்கிட்டா ஓடப்போறேன்? வாராவாரம் வந்து பாத்துக்கலாம் லா."

கடைசி வாக்கியத்தை நான் சைகையில் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் உதட்டை அக்கா படித்துவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்தாள். வெளியாட்கள் முன்னால் அவள் குரலைப் பயன்படுத்தவே மாட்டாள், எங்களிடம்கூட அபூர்வம். அன்று வாயைத் திறந்து, கனமான, உருண்டு வரும் அவள் குரலில், "என் பிள்ளை" என்றாள். அவ்வளவுதான். மறுபடி ரவிக்கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா பேச்சை விட்டாள். எண்ணத்தை விடவில்லை.

அப்போது நான் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொள்ளத் தொழிற்சாலை பஸ் எங்கள் முச்சந்தி வரைக்கும் வரும். ஈயம் பற்றவைக்கும் வரிசையில் சேர்ந்து, பிறகு டெஸ்ட் பகுதிக்கு மாறியிருந்தேன். அங்கிருந்த சீன இன்ஜினியர் வேலை முடிந்த பிறகு ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்துவார். கம்ப்யூட்டர் என்றால் திரையோ பெட்டியோ கிடையாது. பள்ளி நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. அதன் மேலேயே சில்லுகள், ஓரத்தில் கால்குலேட்டர் மாதிரி பட்டன்கள், மேலே சிவப்பு எண்கள் எரியும் சின்ன ஜன்னல். என்ன செய்ய வேண்டும் என்பதை எண்களாகவும் எழுத்துகளாகவும் ஒவ்வொன்றாக அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் அது பாட்டுக்கு ஊமையாக உட்கார்ந்திருக்கும். எனக்கு அதன்மேல் ஒரே பைத்தியம். பாடத்துக்கு நின்று பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் பாடம், ஒரு பட்டனை அழுத்தினால் பலகை ஒரு விளக்கை மினுக்கிக் காட்டுவது. விளக்கு மினுங்கியது. எனக்கு அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. பட்டனுக்குப் பதிலாக ஒரு மைக் இருந்தால்?

புதுப் பலகைகள் வந்தபோது பழையதை எனக்குத் தர முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "இதுல சி பட்டன் சரியில்ல, ரெண்டு தடவை அழுத்தணும், பரவாயில்லையா? எதுக்கு உனக்கு?" என்று மலாயில் கேட்டார்.

"பிள்ளை அழுறதைக் கேட்கத்தான், சார்."

முதலில் சிரித்தார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் வழியை வரைந்து கொடுத்தார். "வீட்டுக் கரண்டை மட்டும் நீ தொடாதே. அதுக்கு ஒரு வயர்மேனைக் கூப்பிடு" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செர்டாங்தான். வயர்மேன் வந்து வீட்டு விளக்குகளுக்கெல்லாம் தனித்தனி வயர் இழுத்து, பலகை ஆணையிட்டால் திறந்து மூடும் ரிலேக்களோடு சேர்த்தார். இழுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, டியூப் லைட் மினுங்காது என்று. அது கண்ணைச் சிமிட்டி யோசித்து எரிவதற்குள் பிள்ளை அழுதே முடித்துவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டோம். அத்தான் பலகைக்கு ஒரு மரப்பெட்டி செய்தார். சூடு போக முன்னால் கம்பிவலை அடித்து, பல்லி நுழையாமல் மூலையெல்லாம் அடைத்து, மூடிக்கு ஒரு சின்னப் பித்தளைக் கைப்பிடி வைத்தார். என் வேலையைவிட அந்தப் பெட்டிதான் அழகு.

வாசல் மணியை அழுத்தினால் முன்னறை விளக்கு நிதானமாக மினுங்கும். பிள்ளை அழுதால் சமையலறையிலும் படுக்கையறையிலும் பின்வாசலிலும் கொட்டகையிலும் விளக்குகள் வேகமாக மினுங்கும். இதுதான் ஏற்பாடு. பிள்ளைக்கு முன்னாலேயே பெட்டி தயாராகிவிட்டது. அத்தான் மைக் முன்னால் நின்று பிள்ளை மாதிரி அழுது காட்டினார். தன் குரலைத் தானே கேட்டிராத மனிதர். கடா மாதிரி ஒரு சத்தம் வந்தது. விளக்குகள் மினுங்கின. அக்கா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு பத்தியம் பார்க்க வந்துவிட்டாள். தொட்டில் கட்டியாயிற்று. இங்கே எல்லார் வீட்டிலும் உள்ளது போல உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங், அதில் கொக்கி, கொக்கியில் சாரோங் துணி. தொட்டிலுக்கு மேலே மைக்.

முதல் மழைக்கே மானம் போய்விட்டது. தகரக் கூரையில் மழை விழுந்ததும் வீடு முழுக்க விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன. அக்கா ஓடினாள், பிள்ளை தூங்குகிறது. திரும்பினாள், மறுபடி மினுங்கியது. மறுபடி ஓடினாள். மழை விடுகிறவரைக்கும் இதே கதை. மழை விட்டதும் தவளைகள் தொடங்கின. ரொட்டிக்காரனின் ஹாரனுக்கும் குக்கர் விசிலுக்கும் மினுங்கியது. இடி இடித்துக் கரண்ட் போனால் பலகை தனக்குச் சொன்னதையெல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டும். நான் இருப்பதோ தோட்டத்தில். அக்கா என் கையைப் பார்த்துப் பார்த்தே அந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டாள். தையல்காரியின் விரல்கள், என்னைவிட வேகம். சி பட்டன் வந்தால் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு குத்து.

பிள்ளையைப் பார்க்கக் கோவில் ஆட்கள் வந்து ஜெபமாலை சொன்னதுதான் உச்சம். முதல் பாதியை ஒருவர் சொல்லும்போது விளக்கு சும்மா இருந்தது. "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னதும் மினுங்கியது. மறுபடி ஒருவர், சும்மா இருந்தது. மறுபடி எல்லாரும், மினுங்கியது. ஓர் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஜெபம் நடத்தியவர் பல்பைப் பார்த்துக்கொண்டே வார்த்தையைத் தவறவிட்டார். அக்காவுக்கோ எதுவும் கேட்கவில்லை. முக்காடு நழுவ நழுவத் தொட்டிலுக்கும் பாய்க்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். "பிள்ளை அழுதா எரியும்னு சொன்ன. ஊரே பேசினாலும் கண்ணடிக்குதே உன் லைட்டு. இதை நம்பியா பிள்ளைய விடச் சொல்ற?"



அடுத்த ஞாயிறு போனபோது பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் பிளக்கைத் தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஊர்ச் சத்தமெல்லாம் எனக்கு எதற்கு?" அவள் கைகள் காற்றை வெட்டின. "மழை பெய்கிறது, தவளை கத்துகிறது, அதையெல்லாம் நான் கேட்டேனா? எனக்கு இவள் மட்டும் போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிலுக்கு இழுத்துப்போனாள். பிள்ளை அப்போதுதான் விழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. அக்கா என் விரல்களை எடுத்து ஸ்பிரிங்கின் மேல் வைத்தாள். பிள்ளை கால்களை உதைத்து வீரிட்டது. ஸ்பிரிங் என் விரலுக்கடியில் குறுகுறுவென்று துடித்தது. ஒவ்வொரு வீறலுக்கும் ஒரு துடிப்பு.

"நான் இப்படித்தான் பார்க்கிறேன்" என்றாள். "அழுகை இங்கே இருக்கிறது."

பிள்ளையைத் தூக்கிச் சமாதானப்படுத்தியதும் அத்தானையும் கூப்பிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து யோசித்தோம். மழைக்குத் தொட்டில் ஆடாது. தூக்கத்தில் பிள்ளை புரண்டால் தொட்டில் ஆடும், ஆனால் சத்தம் இருக்காது. சத்தமும் ஆட்டமும் சேர்ந்து வந்தால்தான் அழுகை. பலகைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆட்டத்தை அதற்கு எப்படித் தெரிவிப்பது என்பதுதான் கேள்வி. அத்தான் எழுந்து கொட்டகைக்குப் போனார். ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டையும் ஒரு செம்பு ஆணியையும் கொண்டுவந்து, ஸ்பிரிங் நீளும்போதெல்லாம் இரண்டும் தொட்டுக்கொள்ளும்படி உத்தரத்தில் பொருத்தினார். நான் வயர் இழுத்தேன். அக்கா புது வரிசையை அழுத்தினாள். அன்று மாலை மழை கொட்டியது. பல்புகள் அசையாமல் எரிந்தன. நாங்கள் மூவரும் பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "எல்லாருக்கும் கிறுக்குப் புடிச்சுப்போச்சு" என்றாள் அம்மா.

அம்மாவின் விடுப்பு முடியும் நேரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்காகவே ஒரு பையில் துணிகளை மடித்து வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளை அழைத்துப்போக நான் அந்தச் சனிக்கிழமையே வந்திருந்தேன். சாயங்காலம் அம்மா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில். அக்கா வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி, தூரத்தில்.

பிள்ளை அழுதது. அம்மா சட்டென்று எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்து கத்தியைக் கீழே வைத்தாள். கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. அழும் பிள்ளையைத் தூக்காமல் அம்மா உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

சமையலறை விளக்கு படபடத்தது. பின்வாசல் விளக்கும் படபடத்தது; அதன் வெளிச்சம் குழாயடி ஈரத்தில் விட்டுவிட்டு விழுந்தது. அக்கா தலையை நிமிர்த்தினாள். சோப்பு நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். அம்மா ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அக்கா பிள்ளையோடு அறைக்குள் போய்விட்டாள்.

அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

"அவளுக்குக் காச்சல் வந்தன்னைக்கு லயத்து வீடுகள்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் மட்டும் அவ அழுறதக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். திடீர்னு அழுகையோட சுதி மாறுச்சு. அதக் கேட்டுத்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கேக்காம தூங்கியிருந்தா இவ இல்ல." கண்ணைத் துடைத்தாள். வெங்காயக் கை, இன்னும் எரிந்திருக்கும். "அந்தப் பயந்தான்டி எனக்கு. வேறென்ன?"

இதை அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவின் தோளில் பை மட்டும்தான் இருந்தது. "தைலம் முடிஞ்சா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அந்தப் பெட்டியை அக்கா பிறகு என்னவெல்லாமோ ஆக்கிவிட்டாள். சமையலறையிலிருந்து கொட்டகைக்குப் போய் அத்தானைத் தோளில் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவது அவளுக்கு அலுத்துவிட்டது. "இது பிள்ளைக்கு மட்டும்தான் பேசுமா?" என்று கேட்டாள். சமையலறையில் சில பட்டன்கள், கொட்டகையில் சில பட்டன்கள் வைத்துக் கொடுத்தேன். ஒரு நீண்ட மினுக்கல் என்றால் வா. இரண்டு குட்டை என்றால் சாப்பாடு. மூன்று என்றால் ஆள் வந்திருக்கிறது. மற்றதையெல்லாம் அவர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் அந்த வீட்டை டிஸ்கோ வீடு என்றார்கள். கொட்டகை விளக்கு விடாமல் அடித்துக்கொண்டால் தெருவில் போகிறவர்களுக்கே தெரிந்துவிடும், இன்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று. சண்டை முத்தினால் அத்தான் பல்பைக் கழற்றிவிடுவார். அதுதான் அவர் கதவைச் சாத்திக்கொள்வது.

பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தது. அம்மா வழக்கம்போல, "அம்மா சொல்லு, ம்மா" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதல் வார்த்தையைக் கேட்டவள். பாப்பா அவள் வாயைப் பார்க்கவில்லை. மேலே பல்பைப் பார்த்தது. கையை உயர்த்தி, மூடிய விரல்களைக் கீழ்நோக்கி விரித்தது. மூடியது. மறுபடி விரித்தது.

"என்னடி பண்ணுது இது?"

"விளக்குன்னு சொல்லுதும்மா."

"பேசுதா?"

"பேசுது."

அம்மா பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் அவள் இத்தனை வருஷமும் உதட்டால்தான் பேசினாள். சாப்பிடு, வா, வேண்டாம், அடிப்பேன் என்று நாலைந்து சைகை தெரியும். அதற்கு மேல் நான்தான் நடுவில். அன்று அம்மா தன் கையை உயர்த்தினாள். பால் பாத்திரங்களைத் தூக்கித் தூக்கி முட்டி தடித்த விரல்கள். மூடி, விரித்தாள். பாப்பா சிரித்துத் தானும் செய்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள், கரண்டி கையில். குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினாள்.

அதிலிருந்து அம்மா வாரம் ஒரு சைகையாவது கேட்டுக்கொண்டு போவாள். மீனுக்கு என்ன, மழைக்கு என்ன, கோபத்துக்கு என்ன. பஸ்ஸில் போகும்போது மடியில் கைகளை வைத்துச் செய்து பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்வார்களாம்.

ஒரு பெரிய இடியில் பலகை கருகிப்போனது. நான் இன்னொன்று வாங்கி வைத்தேன். இந்தத் தடவை கரண்ட் போனாலும் மறக்காத ஒரு சில்லில் அந்த வரிசையை இன்ஜினியரே பதிந்து கொடுத்தார். அக்காவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வரிசை வீணாகப் போகிறதே என்றாள்.

ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மா தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் செர்டாங்குக்கே வந்துவிட்டாள். பட்டன்கள் மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எது நீளம், எது குட்டை, எந்தப் பட்டன் எந்த அறை, ஒன்றும் நினைவில் நிற்காது. ஏதாவது வேண்டுமென்றால் உள்ளங்கையை விரித்து எல்லாப் பட்டன்களையும் ஒரே அழுத்தாக அழுத்திவிடுவாள். முன்னறை, அடுக்களை, பின்வாசல், கொட்டகை எல்லாம் ஒரே நேரத்தில் படபடக்கும். அக்காவும் அத்தானும் பாப்பாவும் மூன்று பக்கத்திலிருந்து ஓடிவருவார்கள்.

அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, தேநீர் வேண்டும் என்று கையால் கேட்பாள்.